நர்சக்கா கண்ணு

ஸ்டூல் என்று நினைத்து ஒரு விளக்கின் மேல் உட்கார்ந்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. உட்கார்ந்ததுகூடப் பெரிதில்லை. கடைப்பெண் ஓடிவந்து, ஆஸ்பத்திரியில் கெட்ட செய்தி சொல்கிற குரலில், "சார், அது லேம்ப்" என்றாள். நான் உட்கார்ந்தபடியே "எதும்மா?" என்று சுற்றிலும் தேடினேன்.

வெள்ளைக் கல். முட்டி உயரம். உள்ளேயிருந்து மஞ்சளாக வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது. செருப்பு மாட்டுகிறவர்களுக்கு வசதியாக லைட்டு வைத்த ஸ்டூல் போலிருக்கிறது, பணக்காரர்கள் எதையும் யோசித்துத்தான் செய்வார்கள் என்று நினைத்துவிட்டேன். எழுந்து, கர்ச்சீப்பை எடுத்து, உட்கார்ந்த இடத்தைத் துடைத்தேன். நான் உட்கார்ந்ததைவிட என் கர்ச்சீப் அதன்மேல் பட்டதுதான் அந்தப் பெண்ணுக்கு அதிகக் கவலை என்று முகத்தில் தெரிந்தது.

"எங்க தம்பிதாம்மா," என்று நடுவில் வந்தார் நர்சக்கா. "தண்ணி சுத்தம் பண்ற மெஷின் விக்கிறாரு. நல்ல புள்ள. இவரு உக்காந்தும் ஒடையல பாரு. எவ்ளோ ஸ்ட்ராங்கா செஞ்சிகிறான் அந்த ஆளு."

அந்த ஆள் என்பது அந்தக் கடையின் சொந்தக்காரர். வானூர் தாண்டி முந்திரித் தோப்புக்கு நடுவில் கூடம் கட்டி, மேஜை நாற்காலி, விளக்கு, நகை என்று மூன்றையும் அவரே வரைந்து செய்விக்கிற பெரிய டிசைனர். அவர் சாமான்கள் கப்பலேறிப் போகும். அவரை நாங்கள் பார்த்ததே இல்லை. ஆனால் ஊரில் கூடப்படித்தவனைச் சொல்வதுபோல அக்கா அவரை "அவன், இவன்" என்றுதான் பேசுவார். அது மரியாதைக் குறைவில்லை. சாமியையும் அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

நர்சக்கா யார் என்று சொல்லவில்லையே. திண்டிவனத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த மாடிக்குக் கீழ்வீடு அவருடையது. பெருமுக்கல் பக்கத்து ஊர்களுக்குத் தடுப்பூசி போடப் போகிற கிராம நர்ஸ். இப்போது ரிட்டயராகி ஓசூரில் மகளோடு இருக்கிறார். பெயர் உண்டு. தெருவில் அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. முன்னால் நின்றால் "நர்சக்கா" என்பார்கள். அந்தப் பக்கம் போனதும் "கண்ணு போவுது பாரு" என்பார்கள்.

நன்றாக இருக்கிற ஒன்றைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போக அவருக்குத் தெரியாது. அவரிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம் அதுதான். எதிரில் வருகிறவள் புதுக் கம்மல் போட்டிருந்தால் நிறுத்தி, முகத்தைத் திருப்பச் சொல்லிப் பார்ப்பார். "சூப்பரா கீதும்மா." மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காயப்போட்டிருந்தால் அதில் ஒரு பிடி அள்ளி, "ஒண்ணு போல கீது பாரேன், அச்சுல வார்த்த மாதிரி." இதையெல்லாம் சொல்லிவிட்டு, வேணும் என்றோ, என்ன விலை என்றோ, எங்கே வாங்கினது என்றோ கேட்டால்கூடப் பரவாயில்லை. சனங்களுக்கு அது புரியும். அக்கா எதுவும் கேட்காமல் திருப்தியாகப் போய்விடுவார். அதுதான் எல்லோருக்கும் பேஜாராக இருந்தது. ஒன்றும் வேண்டாதவள் எதற்கு இவ்வளவு நேரம் பார்த்தாள்?

அவர் வேலையும் அவருக்கு உதவவில்லை. கதை இப்படி நடக்கும்: அக்கா ஒரு ஊருக்குப் போவார். அங்கன்வாடி வாசலில் அம்மாக்கள் பிள்ளைகளோடு வரிசையாக இருப்பார்கள். அக்கா ஒரு பிள்ளையை வாங்கி, "இன்னா கன்னம்டா உனக்கு, இட்லி கணக்கா" என்று கொஞ்சிக்கொண்டே தொடையில் ஊசியைப் போடுவார். "ராவுக்கு ஜொரம் வரும், பயப்படாதீங்க, இந்த மருந்தக் குடுங்க" என்று சொல்லித்தான் அனுப்புவார். ராத்திரி காய்ச்சல் வரும். ஊசி போட்டால் காய்ச்சல் வரும் என்பது எல்லா அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் அந்த வீட்டில் பேசிக்கொள்வது ஊசியைப் பற்றி இருக்காது.

"இட்லி மாதிரி கன்னம்னு சொன்னா. சொன்ன வாய் மூடல, புள்ளைக்கு அனலா கொதிக்குது."

இப்படி ஊருக்கு ஊர், வருஷத்துக்கு வருஷம், ஒழுங்காகக் காய்ச்சல் வரவைத்த கண் அது. என் பையனுக்கும் அவர்தான் போட்டார். அன்றைக்கு என் மாமியார் திருவாமாத்தூரிலிருந்து வந்திருந்தார். அக்கா என் பையனைத் தூக்கி, "அப்பன் மூஞ்சி இல்ல, பொழச்சிக்குவான்" என்றார். என்னைப் பற்றிய அந்த உண்மையைத் தெருவே ஒத்துக்கொண்டது. ராத்திரி பையனுக்குக் காய்ச்சல். மாமியார் அன்றைக்கு முடிவு கட்டியவர்தான்.

நானும் ஒழுங்கில்லை. ஒருமுறை அக்கா என் பைக்கைப் பார்த்து "பளபளன்னு தொடச்சி வெச்சிகிறியே தம்பி" என்றார். மறுநாள் செஞ்சி ரோட்டில் பஞ்சர். பஞ்சர் கடைக்காரர் டயரைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது டயரா, பலூனா?" என்று கேட்டார். அப்படியும் வீட்டுக்கு வந்து செல்வியிடம், அதாவது என் மனைவியிடம், "கீழ்வீட்டு அக்கா நேத்து வண்டியப் பாத்தாங்க" என்றுதான் முதலில் சொன்னேன்.

செல்வி, "கண்ணாடியில போயி உன் மூஞ்சப் பாரு. உன்னையும் யாரோ பாத்துட்டாங்க போல" என்றாள்.

அக்கா யார் வீட்டுக்காவது போய் வந்தால், சாயங்காலம் அந்த வீட்டில் உப்பும் காய்ந்த மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவார்கள். ஒருநாள் படியில் உட்கார்ந்து அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டிலிருந்து நெடி வந்தது. இரண்டு பேரும் இருமினோம். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. காலையில் அந்த வீட்டு மருமகளின் பட்டுப்புடவை ஓரத்தைத் தூக்கிப் பார்த்து அக்கா "ஆஹா" சொன்னதை நானே பார்த்திருந்தேன்.

"உனக்கு ஒண்ணு தெரியுமா தம்பி," என்றார் அக்கா, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கண்ணு பட்டிருந்தா மொளகா நெடி அடிக்காது. அதான கணக்கு?"

"ஆமாக்கா. எங்க வீட்லயும் அப்பிடித்தான் சொல்வாங்க."

"இப்ப நெடி வருதுல்ல? அப்டின்னா என் கண்ணுல ஒண்ணும் இல்லன்னு அதுவே சொல்லுது. அதக் கேக்காம ஒக்காந்து இருமிக்கினு கீறாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டால் பிறகு யோசனை வராது. எங்கள் தெருவில் பெரிய வீட்டம்மா ஒருத்தர் இருந்தார். அவரும் தெருவில் நின்று புடவை நன்றாக இருக்கிறது என்பார். அதற்கு யாரும் மிளகாய் வறுத்ததில்லை. அக்கா பிறந்தது எந்தத் தெரு, அவர் அப்பா யார் நிலத்துக்குக் கூலிக்குப் போனார் என்பதெல்லாம் அந்தக் கண்ணோடு சேர்த்துத்தான் எடை போடப்பட்டது. இது எனக்கு உரைக்கவே ரொம்ப நாளாயிற்று.

வானூர் பக்கம் ஒரு முகாமுக்குப் போனபோது அக்கா தண்ணீர் கேட்க நுழைந்த இடம்தான் அந்தக் கூடம். தண்ணீர் கொடுத்த பெண், "உள்ள வந்து பாருங்கம்மா" என்றாளாம். அக்காவை யாரும் உள்ளே வந்து பார் என்று சொல்லிப் பழக்கமில்லை. "நான் பாக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். "பாக்கறதுக்குத்தாம்மா வெச்சிருக்கோம். எவ்ளோ நேரம் வேணாலும் பாருங்க." அவ்வளவுதான். லீவு கிடைத்தால் புதுச்சேரி பஸ் ஏறிவிடுவார். ஒருமுறை நான் தண்ணி மெஷின் சர்வீசுக்கு அந்தப் பக்கம் போனபோது பைக்கில் கூட்டிப்போய், நீங்கள் ஏற்கெனவே அறிந்த விளக்கின் மேல் உட்கார்ந்தேன்.

அவர் பார்ப்பதைப் பார்க்க வேண்டும். கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். பிள்ளையைத் தராசில் போட்டுவிட்டு முள் நிற்கும்வரை காத்திருப்பார்களே, அப்படி ஒவ்வொரு சாமானுக்கும் முன்னால் நிற்பார். அவருக்குள் ஏதோ முள் நின்ற பிறகுதான் அடுத்ததற்கு நகர்வார். ஒரு தேக்கு நாற்காலி. எனக்கு அது நாற்காலி. அவர் குனிந்து அதன் கைப்பிடியைப் பார்த்து, "இந்த எடத்தப் பாரு தம்பி. யாரோ ரொம்ப நாளு கை வெச்சித் தேஞ்ச மாதிரி செஞ்சிகிறான். புதுசுக்குப் புதுசும் ஆச்சி, பழகினதும் ஆச்சி" என்றார். மேலே செம்பில் ஒரு விளக்கு தொங்கியது. உடம்பெல்லாம் பொட்டுப் பொட்டாகத் துளை. சுவரெல்லாம் வெளிச்சப் புள்ளிகள். அதற்குக் கீழே ரொம்ப நேரம் நின்றார். "வேப்பமரத்துக்கு அடியில வெயிலு வுழுந்தா இப்பிடித்தான் கீது. அத ரூமுக்குள்ள கொணாந்துட்டானே."

"சும்மா குடுத்தா எடுத்துக்கினு போவீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"எங்க வெக்கிறது? நாலு நாள்ல அதுமேல ஈரத்துணி போடுவேன்."

நகைகள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தன. வெள்ளிக் கம்பியை நூலாக இழுத்து, நடுநடுவே குன்றிமணி அளவுக்குச் சிவப்புக் கல் வைத்துப் பின்னிய ஒரு மாலை. அக்கா கண்ணாடிக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனார். சொந்தத்தில் கல்யாணமென்றால் பெண்ணின் நகைத்தட்டை அவர் வருகிறபோது துணி போட்டு மூடுவார்கள் என்று செல்வி சொல்லியிருந்தாள். அங்கே கடைப்பெண் பெட்டியைத் திறந்து, மாலையை வெளியே எடுத்து, "போட்டுப் பாக்குறீங்களாம்மா? வாங்கணும்னு இல்ல" என்றாள்.

அக்கா ஒரு அடி பின்னால் நகர்ந்தார். "வேணாம்மா. எனக்குப் போட்டுட்டா நான் எப்பிடிப் பாக்கறது? நீ போட்டுக்க. நான் பாக்கறேன்."

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் கழுத்தில் வைத்துக் காட்டினாள். அக்கா சொன்ன "ஆஹா" கூடம் முழுக்கக் கேட்டது. அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்தது. அந்த மாலைக்கு அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெண்ணுக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் மட்டும் வெளியே வந்து பைக்கை உதைத்து உதைத்து வியர்த்தேன். பெட்ரோல் போடாதது என் வேலை.

அந்தச் செம்பு விளக்கு என் மண்டையில் தொங்க ஆரம்பித்துவிட்டது. அப்போது விழுப்புரத்தில் நாங்கள் வீடு கட்டிக்கொண்டிருந்தோம். நானே பிளான் போட்டதால் ஹால் ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தபடி அமைந்தது. பகலிலேயே விளக்கு வேண்டும். பரணில் செல்வியின் சீர்வரிசை அண்டா இருந்தது. அசல் செம்பு. மாமியார் பண்டிகைக்கு வெந்நீர் போடக் கொடுத்தது. அதைப் பட்டறைக்குத் தூக்கிப்போய்த் துளைபோடச் சொன்னேன். பட்டறைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அண்டாவ ஓட்ட போட்டா தண்ணி நிக்காதுங்க" என்றார். பல வருஷம் தண்ணி மெஷின் விற்ற என்னிடம் சொன்னார்.

தலைகீழாகத் தொங்கவிட்டு, உள்ளே பல்பு போட்டு, சுவிட்சைத் தட்டினேன். சுவர், தரை, செல்வியின் முகம் எல்லாம் புள்ளி புள்ளியாக வெளிச்சம். செல்வி ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் நின்றாள். அவள் ஒன்றும் சொல்லாமல் நிற்பது எங்கள் கல்யாண வாழ்க்கையில் அபூர்வம்.

மாமியார் வந்து பார்த்தார். "குளிக்கக் குடுத்தா, தூக்குல தொங்க வுட்டுக்கினு கீறான்" என்று செல்வியிடம் சொன்னார். என்னிடம் நேராகச் சொல்வதில்லை. மருமகன் மரியாதை.

கிரகப்பிரவேசத்துக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்ற பேச்சு வந்தபோது நர்சக்கா பெயரை எடுத்தவள் செல்விதான். மாமியார் வெற்றிலையைக் கீழே வைத்தார்.

"குடும்பமே ஒக்காந்து பாத்துப் பாத்து கட்டின வூடு. அவ வந்து ஒரு வார்த்த சொன்னா தாங்குமா? கொழந்தைக்கு ஜொரம் வந்தது மறந்து போச்சா?"

"ஊசிக்கு ஜொரம் வந்ததும்மா."

"ஊசி குத்துனது யாரு?"

செல்வி எழுந்தாள். "அக்கா வரலன்னா நான் பால் காய்ச்ச மாட்டேன். நீயே காய்ச்சிக்கோ."

நான் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தலையாட்டினேன். என் கழுத்து அந்த வேலைக்காகவே செய்யப்பட்டது. கடைசியில் மாமியார் இறங்கி வந்தார். "வரட்டும். வயிறாரத் தின்னட்டும். ஆனா வாயத் தொறக்காம போவணும். அத நீங்க சொல்லி அழைச்சிக்கினு வாங்க." இது கூரையைப் பார்த்து எனக்குச் சொன்னது.

நான் அதை அக்காவிடம் சொல்லவே இல்லை. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை வைத்துக்கொண்டு செல்வியோடு கீழே இறங்கினேன். அக்கா கதவைத் திறந்து, தட்டைப் பார்த்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"தட்டு வெச்சிக் கூப்புடறியா தம்பி?"

"வராம இருந்துடாதீங்கக்கா."

"உங்க மாமியாரு இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலக்கா."

"பொய் சொல்ல வரல உனக்கு. எப்பிடித்தான் மெஷின் விக்கிறியோ." தட்டை வாங்கிக்கொண்டார். பழத்தைப் பார்த்தார். மாம்பழம், நல்ல நிறம். எப்போதும்போல ஏதாவது சொல்வார் என்று நின்றேன். "வர்றேன்" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கு மழை மூட்டம். விடிந்தும் ஹால் இருட்டு. அண்டா எரிந்துகொண்டிருந்தது. வந்த சொந்தக்காரர்களில் பாதிப்பேர் அதற்குக் கீழே நின்று, "இது இன்னாத்துக்கு இங்க தொங்குது?" என்று கேட்டார்கள். ஒரு பெரியப்பா, தண்ணி டேங்க் உள்ளேயே வைத்துவிட்டாயா என்றார். மாமியாருக்குக் கோபம் மெல்லத் திசை மாறியது. என்ன இருந்தாலும் அவர் கொடுத்த அண்டா. "அசல் செம்பு அது. கையால அடிச்சது" என்று ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இடுப்பில் சின்ன முடிச்சு ஒன்று செருகியிருந்தார். உப்பும் மிளகாயும்.

டிபன் நேரத்துக்கு அக்கா வந்தார். திண்டிவனத்திலிருந்து ரயிலில் வந்து, ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருந்தார். நல்ல புடவை. உள்ளே வந்தவர் தரையைப் பார்த்தே நடந்தார். நான் விடவில்லை. ரூம் ரூமாக அழைத்துப் போனேன். பூஜை அறைக் கதவில் மணி கோத்திருந்தேன். "ம்." சமையலறை மேடை. "ம்." மாடிப்படிக் கைப்பிடி, தேக்கு, நானே நின்று இழைக்க வைத்தது. அதன்மேல் கையை வைத்தார். ஓடவிட்டார். கையை எடுத்துக்கொண்டார். "ம்."

என் வண்டியை அவர் பார்த்தாலே பயந்தவன் நான். இப்போது ஒரு "ஆஹா"வுக்காக அவர் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தேன்.

ஹாலுக்கு வந்தபோது ஒரு வெளிச்சப் புள்ளி அவர் கைமேல் விழுந்தது. நின்றார். நிமிர்ந்தார். கைகள் தானாகப் பின்னால் போயின. கண் அண்டாவில் ஏறி, சுவரில் இறங்கி, மறுபடி ஏறியது. வாய் திறந்தது. மாமியாரின் கை இடுப்புக்குப் போனது. செல்வி சாம்பார் வாளியோடு அப்படியே நின்றாள்.

அக்கா வாயை மூடிக்கொண்டார். மாமியாரின் பக்கம் திரும்பி, "பிரஷர் மாத்திர போட்டீங்களாம்மா? காலு வீங்கினாப்ல கீது" என்றார்.

மாமியார் கையை இடுப்பிலிருந்து எடுத்தார். எதையோ எதிர்பார்த்து அது வராமல் போனவர் மாதிரி நின்றார். "போட்டேன்," என்றார். கொஞ்சம் கழித்து, தானாகவே, "அது நான் குடுத்த அண்டாம்மா" என்றார்.

"அப்படீங்களா," என்றார் அக்கா.

"அசல் செம்பு."

"சரிங்கம்மா."

அவ்வளவுதான். மாமியார் தோற்றுப் போனவர்போல உள்ளே போய், அக்கா இலைக்குத் தானே ஒரு வடை கூடுதலாக வைத்தார். வடையைப் பற்றியும் அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தின்றார்.

சாப்பிட்டதும் கிளம்பிவிட்டார். ரயிலுக்கு நேரம் என்றார். மழை விட்டிருந்தது. கேட்டுக்கு வெளியே ஆட்டோ பார்த்து ஏற்றினேன். சுற்றிலும் யாருமில்லை. உள்ளே பந்திச் சத்தம்.

"அக்கா," என்றேன். "இங்க யாரும் இல்ல. ஆட்டோக்காரரு நம்ம ஊரு இல்ல. இப்பவாவது சொல்லுங்க. அந்த வெளக்கு எப்பிடிக்கா கீது?"

அக்கா ஆட்டோவிலிருந்து தலையை வெளியே நீட்டினார். திறந்திருந்த வாசல் வழியாக ஹால் தெரிந்தது. சுவர் முழுக்கப் புள்ளிகள். அதற்குள்ளே போவோரும் வருவோருமாகச் சனம். ஒரு குழந்தை புள்ளியைப் பிடிக்கச் சுவரை அறைந்துகொண்டிருந்தது. அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். ஆட்டோக்காரர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அப்புறம் ஹாரனை அடித்தார். அப்புறம் இன்ஜினை அணைத்துவிட்டார். அக்கா இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், சேலை மடிப்பைச் சரிசெய்தபடி சொன்னார்:

"சுமாரா கீது."